மூன்று டீசலும் நின்ற மதியம்

என் ஜெராக்ஸ் கடை திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று மனு அடித்துக் கேட்டு நாளுக்கு முப்பது நாற்பது பேராவது வருவார்கள். அவர்களில் என் பொறுமையை அதிகம் சோதித்தவர் பரந்தாமன் சார்தான். ஒரு பக்க மனுவுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். ‘இயந்திரம் பழுதாகிவிட்டது’ என்று நான் அடித்தால், “ஆகல விஜிம்மா, ஆக உட்டாங்க. மாத்து” என்பார். மாற்றுவேன். மாற்றியதையும் மாற்றச் சொல்வார்.

அவர் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை காலையில். அதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற குடும்பம் அவருடையது. வீட்டில் நான்கு பவர்லூம். அண்ணன்கள் தறியில் உட்கார்ந்தார்கள். இவர் தறி ஓடுவதைவிட அது நிற்பதையே கவனித்துக்கொண்டிருந்தாராம். எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது, நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்கிறது. ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தார். கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. எந்த நிலையம் என்று எழுதாதே என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, மனைவி ஜெயம்மாளோடு திருத்தணியில் வந்து வீடு கட்டிக்கொண்டார். ஒரே மகள் ஷாலினி பெங்களூரில் இருக்கிறாள்.

ஓய்வு பெற்றவர் நிம்மதியாக இருக்கலாம். ஊர் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், “சார், அங்க வேல செஞ்சா முடி கொட்டிடுமாமே?” முடிவெட்டப் போனால், “சார், நீங்க ராவுல மின்னுவீங்களா?” கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், “அணுகுண்டும் அதுவும் ஒண்ணுதானே சார்?” அவர் வேலை பார்த்தது டீசல் ஜெனரேட்டரில். அதைச் சொன்னால் கேட்டவர்கள் முகம் வாடிப்போகும். “ஓ, ஜெனரேட்டரா” என்று திரும்பிக்கொள்வார்கள். அதுதான் அவருக்குத் தாங்காது.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் எல்லார் போனிலும் ஒரு குரல் வந்து சேர்ந்துவிட்டது. கடலோரத்து அணுமின் நிலையம் வெடித்துவிட்டது, அரசாங்கம் மறைக்கிறது, காற்று மேற்கே அடிக்கிறது, மாலை நாலு மணிக்குத் திருத்தணிக்கு வந்துவிடும், யாரும் குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று அழுகிற மாதிரி ஒரு பெண் பேசினாள். கூடவே ஒரு வீடியோ. வெள்ளை அங்கி, முகமூடி போட்டவர்கள் ஒரு கிராமத்து ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குள் மார்க்கெட்டில் உப்புப் பாக்கெட் தீர்ந்துவிட்டது. அயோடின் உப்பு தின்றால் அந்தக் காற்று ஒன்றும் செய்யாதாம். திருப்பதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். விஷக்காற்று கனமானது, தாழவே போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கூட்டம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறியது. பள்ளிக்கூடத்து வாசலில் அம்மாக்கள் கேட்டைப் பிடித்து ஆட்டினார்கள்.

பரந்தாமன் சார் அன்று ஏதோ மின்வாரிய மனுவுக்காக என் கடைக்கு வந்திருந்தார். ஜெயம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சார் இருப்பதைப் பார்த்ததும் கடை முன்னால் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் போனும் அடித்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஜெயம்மாளின் தம்பி சுதாகர். ஸ்பீக்கரில் போட்டார்.

“பாவா, தறியெல்லாம் நிறுத்திட்டேன். ஆந்திரா பக்கம் போயிடலாமா? வண்டி எடுத்துகினு வரவா?”

“இன்னாத்துக்குடா?”

“வெடிச்சிட்டுதாமே!”

“யார்ரா சொன்னது? தறிய போடு, போ.” வைத்துவிட்டார்.

கூட்டத்தில் பழக்கடை அம்சா முன்னால் வந்தாள். “சார், நீங்க அங்க இருந்தவரு. மறைக்காம சொல்லுங்க. வெடிக்குமா வெடிக்காதா?”

“குண்டு மாதிரி வெடிக்காதும்மா. அது குண்டு இல்ல.”

“அப்போ டிவில காட்னாங்களே, வெளிநாட்டுல கூரையே பிச்சிகினு போச்சே?”

“அது வேற. சொல்றேன், நில்லு.” அவர் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷமாகக் கேட்கப்படாத கேள்வி கடைசியில் கேட்கப்பட்டுவிட்டது போல ஒரு முகம். “செங்கல் சூள பாத்துக்கிறியா? தீ வெக்கிறத இன்னிக்கு நிறுத்திட்டா, நாளிக்கு கல்ல கையால எடுப்பியா?”

“கை வெந்துடும்.”

“ஆங். அதே மாதிரிதான் இதுவும். அணு உலைய ரெண்டு செகண்டுல நிறுத்திடலாம். பட்டன் இருக்குது, தானாவும் நிக்கும். ஆனா உள்ள இருக்குற சூடு நிக்காது. நாள் கணக்கா வந்துகினே இருக்கும். அது மேல தண்ணி ஓடிகினே இருக்கணும். தண்ணி ஓட பம்ப்பு வேணும், பம்ப்புக்குக் கரெண்டு வேணும். வெளிக்கரெண்டு போயிட்டா இன்னா பண்ணுவ? டீசல். அந்த டீசல்தான் நானு. டீசலும் நின்னா தண்ணி கொதிச்சி வத்திடும். உள்ள இருக்குற எரிபொருள் குழாய் காஞ்சி, நீராவியோட சேர்ந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது சேர்ந்து சேர்ந்து ஒரு பொறி பட்டா கூரை போவும். நீ டிவில பாத்தது அதான். கூரையோட உள்ள இருக்குற நஞ்சும் வெளிய போவும். அதுக்குத்தான் பயப்படணும்.”

“யாராச்சும் தப்பா பட்டன அமுக்கிட்டா?” என்றார் ஒருவர்.

“பட்டன் இல்லய்யா!” சார் தொடையில் அடித்துக்கொண்டார். “எல்லாரும் பட்டனயே கேக்குறீங்க. ஒருத்தன் டாங்குல தண்ணி வடிக்க மாட்டான். ஒருத்தன் கெட்டுப்போன மீட்டர மாத்த மாட்டான். ஒருத்தன் ஃபைல டிராயர்ல வெச்சிகினு இருப்பான். தனித்தனியா பாத்தா மூணும் ஒண்ணுமே இல்ல. மூணும் ஒரே நாள்ல சேரும் பாரு, அன்னிக்கு நடக்கும். எங்களுக்கே ஒரு நாள் சேந்துது.”

கூட்டம் அசையாமல் நின்றது. ஜெயம்மாள் காய்ப்பையோடு அப்போதுதான் வந்து ஓரமாக நின்றதை நான் பார்த்தேன். சார் பார்க்கவில்லை.

“பதினெட்டு வருஷம் ஆவுது. டிசம்பர் மாசம், புயல். மத்தியானம் ஒண்ணே காலுக்கு வெளிக்கரெண்டு மொத்தமா போச்சு. உலை தானா நின்னுது, சரியாத்தான் நின்னுது. மூணு டீசல் இருக்குது எங்களுக்கு. ஒண்ணு ஓடினாக்கூடப் போதும். மொதலாவது நாலு மாசமா கழட்டிப் போட்டு வெச்சிருக்காங்க, சாமான் வரணும், ஃபைல் மேல இருக்குது. மூணாவது அமுக்கப்பட்ட காத்துல ஸ்டார்ட் ஆவணும். பாட்டில்ல காத்து ஃபுல்லுன்னு மீட்டர் காட்டுது, ஆனா முள்ளு சிக்கிகினு இருக்குது, உள்ள காத்தே இல்ல. ஒரு தடவ முக்கிட்டு நின்னுடுச்சு. ரெண்டாவது ஸ்டார்ட் ஆச்சு. பதினோரு நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் இருமிச்சு, நின்னுடுச்சு.”

“ஏன்?” என்றாள் அம்சா.

“டீசல்ல தண்ணி. டாங்குக்கு அடியில தண்ணி சேருது, வடிக்க ஏற்பாடு பண்ணுங்கன்னு நான் ரிஜிஸ்டர்ல மூணு தடவ எழுதினேன். மூணு தடவையும் செவப்பு மையில ‘கவனிக்கப்பட்டது’ன்னு எழுதி—”

அந்த நேரம் பார்த்து எதிர் ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழிலன் கையில் போனோடு ஓடி வந்தார். “எல்லாரும் வூட்டுக்குப் போங்க! ஒண்ணும் இல்ல! கலெக்டர் ஆபீஸ்லருந்து மெசேஜ் வந்துட்டுது. அது ஒத்திகையாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி சுத்துப்பட்டு ஊருங்கள்ல பண்ற ஒத்திகை. அத்த எவனோ வீடியோ எடுத்து உட்டுட்டான்!”

கூட்டம் சிரித்தது. உப்பு வாங்கியவனை உப்பு வாங்காதவன் கேலி செய்தான். அம்சா, “என் பழத்தை எவ திங்கிறாளோ” என்று கடைக்கு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் என் கடை முன்னால் ஒருவரும் இல்லை. நாற்காலியில் பரந்தாமன் சார் கையைப் பாதி தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

“பாத்தியா விஜிம்மா? ஒத்திகைக்கு ஊரே ஓடுது. நெஜத்த சொன்னா நிக்க ஆளில்ல.”

“நான் நின்னுகினுதான் இருக்கேன்” என்றார் ஜெயம்மாள். “அப்புறம் இன்னா ஆச்சு?”

சார் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில், இந்தக் கதையை அவர் மனைவியிடம் இதுவரை சொன்னதே இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“வூட்டுக்குப் போயி சொல்றேன்.”

“இங்கியே சொல்லுங்க.”

சொன்னார். டீசல் கூடத்தில் அன்று அவரும் முனியனும் மட்டும்தான் இருந்தார்கள். முனியன் கான்ட்ராக்ட் ஆள். திருத்தணிக்குப் பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்காரர், சார்தான் அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது. வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினால் இரண்டாவது டீசல் ஓடும் என்று சாருக்குத் தெரியும். ஆனால் திறப்பதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும், மூன்று கையெழுத்து. கையெழுத்துப் போடவேண்டியவர்கள் வேறு கட்டடத்தில், நடுவே இடுப்பளவு மழைத் தண்ணீர். போனில் ஷிப்ட் இன்ஜினியர், “இருங்க, சீட்டு வரட்டும்” என்றார். கட்டுப்பாட்டு அறையில் மீட்டர்கள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. உலைக்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. தீயணைப்புத் தண்ணீரையாவது பாய்ச்சலாம் என்று அதற்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சார் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

வடிகட்டியைத் திறந்ததும் சூடான எண்ணெய் பீறிட்டு இடது முழங்கைக்குக் கீழே கொட்டியது. வெந்த கையோடு சார் தண்ணீரை வடித்து வடிகட்டியை மாற்றினார். குழாயில் புகுந்த காற்று வெளியேறும்வரை முனியன் கைப்பம்பை அடித்தார். இரண்டாவது டீசலின் பாட்டிலில் இன்னும் ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்யத்தான் காற்று இருந்தது. போனில், “ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு” என்று கத்தினார்கள். சார் செய்யவில்லை. “முனியா, இன்னும் இருவது அடி” என்றார். இருபது அடித்த பிறகுதான் பொத்தானைத் தொட்டார். டீசல் பிடித்துக்கொண்டது. நின்றதிலிருந்து முப்பத்துநாலு நிமிஷம். பம்ப்புகள் ஓடின, உலை குளிர்ந்தது. வெளியே ஒரு பொட்டு நஞ்சுகூடப் போகவில்லை.

ஜெயம்மாள் காய்ப்பையைக் கீழே வைத்தார். “அன்னிக்கு ஷாலினிக்கு ஜுரம். ரெண்டு வயசு. குவார்ட்டர்ஸ்ல கரெண்டு போச்சு. பாதி மாவு கிரைண்டர்ல நின்னுபோச்சேன்னு நான் திட்டிகினு இருந்தேன். அங்கருந்து ஏழு கிலோமீட்டர்தான். கையில கட்டுப் போட்டுகினு வந்து கேன்டீன்ல டீ கொட்டிடுச்சின்னு சொன்னீங்களே?”

“பயந்துடுவியேன்னுதான்…”

“அந்தக் கூடத்துல போன் இருந்துதா இல்லியா?”

“இருந்துது.”

“அதுல எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? புள்ளய தூக்கிகினு கிளம்புன்னு?”

“நெனச்சேன்” என்றார் சார். “சீட்டுக்குக் காத்துகினு இருந்த அஞ்சு நிமிஷத்துல, போன கையில எடுத்தேன். உனக்குச் சொன்னா பக்கத்து வூட்டுக்குச் சொல்லுவ. அவங்க அடுத்த வூட்டுக்கு. இருக்குறதே ஒரே ரோடு, புயல் வேற. வெச்சிட்டு ஸ்பேனர எடுத்தேன்.”

“அத்த நீ முடிவு பண்ணிட்ட. எங்க உசுர வெச்சி.”

கல்யாணமான நாள் முதல் ‘ங்க’ போட்டுப் பேசிய மனுஷி. பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போய்விட்டார். நாலு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாராம், பேச்சு மட்டும் இல்லை. சார் தினமும் என் கடையில் வந்து உட்கார்ந்து என் உயிரை எடுத்தார்.

அந்த நாட்களில்தான் மீதியையும் சொன்னார். அந்த டிசம்பர் முடிவதற்குள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. பாராட்டு இல்லை. ‘அனுமதிச்சீட்டு இன்றி வடிகட்டியைத் திறந்தமைக்கு விளக்கம் தருக.’ நான்கு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். டாங்குத் தண்ணீர், சிக்கிய முள், டிராயரில் தூங்கிய ஃபைல், எல்லாம். பதில் வரவில்லை. ஒரு மாதத்தில் அவரை டீசல் கூடத்திலிருந்து தூக்கி வாகனப் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை ஆம்புலன்சுக்கும் ஸ்டாஃப் பஸ்ஸுக்கும் கிரீஸ் அடித்தார். மெமோ மட்டும் பணிப்பதிவேட்டில் அப்படியே நின்றது. முனியனின் பெயர் எங்கேயும் எழுதப்படவே இல்லை. கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் இருந்தார் என்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஜெயம்மாளே சாரை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

“விஜி, ஒரு மனு அடிக்கணும். அந்த டாங்குல இப்போ தண்ணி வடிக்கிறாங்களா இல்லியான்னு கேக்கணும். இன்னிக்கும் அந்தக் குவார்ட்டர்ஸ்ல புள்ளைங்கள வெச்சிகினு இருக்குற பொம்பளைங்க இருக்காங்க இல்ல?” சாரைப் பார்த்து, “சொல்லுங்க. உங்களுக்குத்தான் வார்த்த வார்த்தையா தெரியுமே” என்றார். ‘ங்க’ திரும்பி வந்திருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி. டாங்கின் அடியில் சேரும் தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை வடிக்கிறீர்கள்? காற்றுப் பாட்டில் மீட்டரை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? இந்த முறை எப்போதிலிருந்து, எதன் அடிப்படையில்? மூன்று கேள்விக்குப் பதினோரு திருத்தம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘பாதுகாப்புக் காரணங்களால் தகவல் தர இயலாது.’

“டாங்குல தண்ணி இருக்குதான்னு கேட்டா அது ராணுவ ரகசியமா?” என்று சார் என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். வாரிசுச் சான்றுக்கு வந்த பெரியவர் ஒருவர், பாவம், கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். மேல்முறையீடு அடித்தோம். அதற்குப் பதினாறு திருத்தம்.

இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு பக்கம் வந்தது. சார் ஜெயம்மாளோடு கடைக்கு எடுத்துவந்து நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

டாங்குத் தண்ணீர் வாரம் ஒருமுறை வடிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு மீட்டர் பொருத்தப்பட்டு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒப்பிடப்படுகிறது. இம்முறை பதினேழு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அடிப்படை: டீசல் பிரிவு டெக்னீஷியன் ஒருவர் அதற்கு முந்தைய டிசம்பர் நிகழ்வு குறித்து அளித்த நான்கு பக்க விளக்கம்.

“நான் எழுதினது” என்றார் சார். “எல்லாத்தையும் செஞ்சிட்டிருக்கானுங்க. ரெண்டே மாசத்துல. நான் அங்கியே, அர கிலோமீட்டர் தள்ளி, பஸ்ஸுக்கு அடியில படுத்துகினு இருந்தேன். ஒருத்தன் வந்து, பரந்தாமா, நீ சொன்னத செஞ்சிட்டோம்னு சொல்லல. இத்தன வருஷம் மழை பேஞ்சா தூங்கமாட்டேன் விஜிம்மா. ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா?”

“நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?” என்றார் ஜெயம்மாள்.

ஜெயம்மாள் அந்தத் தாளை வாங்கி மடிக்காமல் ஒரு கவரில் போட்டார். “ரெண்டு ஜெராக்ஸ் எடு விஜி. ஒண்ணு முனியனுக்கு. அவருக்கும் தெரியணும்.”

அன்று சாயங்காலமே இருவரும் ஆட்டோ பிடித்துக் கே.ஜி.கண்டிகைக்குப் போனார்கள். எனக்கும் ஒரு நிம்மதி. பதினெட்டு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது, இனி இந்த மனுஷர் மின்வாரியத்தோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார்.

“இன்னா சார், முனியன் சந்தோஷப்பட்டாரா?”

“ஆங், பட்டான். வேர்க்கடல பறிச்சிகினு இருந்தான். படிச்சிக் காட்டினேன், நல்லா கேட்டான். கேட்டுட்டு, ‘சார், அந்த எமர்ஜென்சி லைட்ட பத்தி ஒண்ணும் போடலியே?’ங்கறான்.”

“எந்த லைட்டு?”

“டீசல் கூடத்துல ரெண்டு பேட்டரி லைட்டு இருக்கணும். அன்னிக்கு ரெண்டும் எரியலியாம். ஜன்னல் வெளிச்சத்துலதான் நாங்க வேல செஞ்சோமாம். எனக்கு ஞாபகமே இல்ல! நான் வடிகட்டியத்தான் பாத்துகினு இருந்தேன். ‘அதுவே ராவா இருந்திருந்தா இன்னா சார் பண்ணியிருப்போம்?’னு வேர்க்கடலைய உரிச்சிகினே கேக்குறான். நாலு பக்கம் எழுதினேன், அத்த எழுதலியே. எழுதாதத எவன் செஞ்சிருப்பான்?”

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

“பெறுநர்னு ஆரம்பி. இல்ல, இரு. மொதல்ல முனியன் பேர போடு.”